வழியும் மடலும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப் பாதையில், வடலூருக்கு முன்னால் வரும் ஊர் குறிஞ்சிப்பாடி. கைத்தறி லுங்கிக்குப் பெயர் பெற்றது. அங்குத் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கையும் காலும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கண் மட்டும் பாவின்மேல் நிலைத்திருக்கும். நூற்றுக்கணக்கான இழைகளுள் ஒன்று அறுந்தாலும் அக்கணமே தறியை நிறுத்தி, அறுந்த இழையை முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வார். ஆனால் ஓர் இழையும் அறாமலே துணி கெட்டுப்போவதும் உண்டு. ஊடைநூலின் நிறம் மாறியிருக்கலாம், கட்டம் பிசகியிருக்கலாம். இழை அறுந்ததா என்று பார்ப்பது ஒரு காவல். நெய்த துணி வாங்குபவர் ஏற்கும் துணிதானா என்று பார்ப்பது வேறொரு சோதனை.

கணினி வலையமைப்பைப் பேணுவோர்க்கும் இவ்விரு வேலைகளும் உண்டு. கம்பிகளும் ரௌட்டர்களும் சர்வர்களும் உயிரோடு இருக்கின்றனவா என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பவை வலையமைப்புக் கண்காணிப்புக் கருவிகள். அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததா, சேராவிடில் எங்கே தங்கியது, ஏன் தங்கியது என்று ஆராய்பவை மின்னஞ்சல் சோதனைக் கருவிகள். முதலாவதை வழிக்காவல் என்றும் இரண்டாவதை மடல் ஆராய்ச்சி என்றும் சொல்லிக்கொள்வோம். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் விளையும் துன்பம் சிறிதன்று. அதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

வழிக்காவலுக்குரிய கருவிகளுள் மூத்ததும் எளியதும் ‘பிங்’ என்பது. 1983 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படையின் எறிபடை ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் அதனை எழுதினார். எழுதி முடிக்க அவருக்கு ஒரு மாலைப்பொழுதே போதுமாயிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக்கொண்டு தொலைவை அறிகிறதன்றோ? அந்த ஒலியின் பெயரையே தம் கருவிக்கும் அவர் சூட்டினார். ஒரு சிறு பாக்கெட்டை அனுப்புகிறோம். எதிரிலுள்ள கணினி அதனை அப்படியே திருப்பி அனுப்புகிறது. போகவர எத்தனை மில்லி நொடி ஆயிற்று என்பது திரையில் தோன்றுகிறது.

இந்த எண்ணை வெறும் எண்ணாகக் கொள்ளாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் திறக்கப்பட்ட கடலடிக் கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போகவர 6,400 கிலோமீட்டர். அதற்குக் குறைந்தது 32 மில்லி நொடி வேண்டும். சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு சர்வர் 5 மில்லி நொடியில் மறுமொழி தருமானால், அது சிங்கப்பூரில் இல்லை என்று நீங்கள் துணிந்து சொல்லலாம். ஒளியை விஞ்சி ஓடும் சர்வரை எவரும் இன்னும் செய்யவில்லை.

பிங் மறுமொழி வரவில்லை என்றால் வழி எங்கே அறுந்தது? இதற்கு விடை காண 1987-இல் வான் ஜேக்கப்சன் என்பவர், ஸ்டீவ் டீரிங் கூறிய யோசனை ஒன்றைக்கொண்டு ‘டிரேஸ்ரூட்’ என்னும் கருவியை எழுதினார். அதன் தந்திரம் மிக அழகியது. குறிஞ்சிப்பாடியிலிருந்து விருத்தாசலத்துக்கு ஓர் ஆளை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கையில் ஒரு நிலையத்துக்கு மட்டும் போதுமான கட்டுச்சோறு தருகிறோம். வடலூரில் சோறு தீர்ந்துவிடுகிறது. வடலூர் நிலைய அதிகாரி, “உங்கள் ஆள் இங்கே நின்றுவிட்டான், நான் வடலூர்” என்று செய்தி விடுக்கிறார். அடுத்து வரும் ஆளுக்கு இரு நிலையத்துக்குரிய சோறு தருகிறோம். செய்தி நெய்வேலியிலிருந்து வருகிறது. இவ்வாறே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், வழியிலுள்ள நிலையங்கள் எல்லாம் தம் பெயரைத் தாமே சொல்லிவிடுகின்றன. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதன் ஆயுளைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். எண் பூச்சியமானால் பாக்கெட்டை எறிந்துவிட்டு, அனுப்பியவர்க்கு அறிவிப்பு விடுக்கும். பாக்கெட்டுகள் முடிவின்றிச் சுற்றாமல் இருப்பதற்காக வைத்த விதி அது. அதையே வழிகாணும் விளக்காக்கிவிட்டார்கள்.

ஆனால் இவையெல்லாம் நாம் கேட்டால்தான் சொல்லும். கேளாமலே சொல்லும் காவலாளி வேண்டுமென்றால், கருவிகளுக்குள்ளேயே கணக்கர் ஒருவர் இருக்க வேண்டும். அத்தகைய ஏற்பாடு 1988-இல் எஸ்.என்.எம்.பி. என்ற பெயரில் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு ரௌட்டரும் ஸ்விட்சும் தன் வழியே எத்தனை பைட் சென்றது, எத்தனை பாக்கெட் பழுதானது என்று எண்ணிவைக்கும். மையக் கணினி கேட்கும்போது ஒப்புவிக்கும். இந்த எண்களை வரைபடமாக்க டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் எம்.ஆர்.டி.ஜி. என்னும் நிரலை 1995-இல் வெளியிட்டார். வெளியுலகுக்கு 64 கிலோபிட் வேகமுள்ள ஒரே ஒரு கம்பி இருந்த இடத்தில், அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை எல்லோரும் காண வேண்டும் என்ற ஆசையில் பிறந்தது அந்நிரல்.

அது 5 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும். இங்கே மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 300 நொடிகளில் 30 நொடி மட்டும் கம்பி முழுவதும் நிரம்பி வழிந்து, மற்ற 270 நொடியும் வெறுமையாகக் கிடந்ததென்று கொள்ளுங்கள். வரைபடம் நூற்றுக்குப் பத்து என்று காட்டும். அந்த 30 நொடியில் தேர்வு விண்ணப்பத்தை அனுப்ப முயன்ற மாணவனுக்கு வலையமைப்பே இல்லை. வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரிக்கோ வழி தொண்ணூறு பங்கு காலியாக இருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை.

கருவி விற்போர் ‘நூற்றுக்கு 99 பங்கு நேரம் வழி திறந்திருக்கும்’ என்பார்கள். ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் அது மூடியிருக்கலாம் என்பது அதன் மறுபொருள். 99.9 என்றால் எட்டே முக்கால் மணி நேரம்.

இனிப் பெரிய கருவிகளுக்கு வருவோம். 1999-இல் ஈதன் கால்ஸ்டாட் வெளியிட்டு, 2002 முதல் நாகியோஸ் என்று வழங்கப்படுவது ஒன்று. லாட்வியா நாட்டில் அலெக்சி விளாடிஷேவ் எழுதி 2001-இல் வெளிவந்த ஜாபிக்ஸ் மற்றொன்று. இரண்டையும் விலையின்றிப் பெறலாம். நம் தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் ஒரு பங்கு உண்டு. 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட் என்னும் நிறுவனம், வலையமைப்புக் கருவி செய்வோர்க்கு எஸ்.என்.எம்.பி. மென்பொருள் செய்து கொடுத்தே வளர்ந்தது. 2001-ஐ ஒட்டித் தொலைத்தொடர்புத் தொழில் சரிந்தபோது, அதன் பார்வை வலையமைப்பைப் பேணும் குழுக்களின் பக்கம் திரும்பியது. மேனேஜ்என்ஜின் என்ற பிரிவும் ஆப்மேனேஜர் என்ற கண்காணிப்புக் கருவியும் அவ்வாறு உருவாயின. 2009-இல் சோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அதுவே. இன்று மின்னஞ்சல் சேவையையும் நடத்துகிறது. நான் கூறும் இரு வேலைகளும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடம் அது எனலாம்.

இவற்றுள் எது சிறந்தது என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. ஒரே இணைப்பும் பத்துக் கணினிகளும் உள்ள பள்ளிக்குப் பிங்கும் ஒரு வரைபடமுமே போதும், மற்றவை ஆடம்பரம். நாற்பது ஸ்விட்சுகள் உள்ள கல்லூரிக்கு நாகியோசோ ஜாபிக்சோ பொருந்தும். ஆனால் விலையில்லை என்பதால் செலவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. லினக்ஸ் நன்கு தெரிந்த ஓர் ஆள் மாதக்கணக்கில் அதனோடு மல்லாட வேண்டியிருக்கும். அத்தகைய ஆள் இல்லாத இடத்தில் காசு கொடுத்து ஆப்மேனேஜர் போன்ற ஆயத்தக் கருவியை வாங்குவதே சிக்கனம். என்னைப் பொறுத்தவரை, ஒரு கருவி எத்தனை செய்திகளைக் காட்டுகிறது என்று நான் பார்ப்பதில்லை. நள்ளிரவில் எத்தனை முறை வீணாக எழுப்புகிறது என்றே பார்ப்பேன். புலி வருகிறது என்று நாள்தோறும் கூவிய சிறுவனின் கதையை யாவரும் அறிவோம்.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலை இவ்வட்டாரத்தில் மறந்தவர் இலர். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்கள் வரிசை வரிசையாக வீழ்ந்தன. அப்படிப்பட்ட நாளில் ஓர் ஊரின் தலைவாசல் ரௌட்டர் அணைந்தால், அதன் பின்னால் உள்ள நாற்பது கருவிகளும் ஒருங்கே மறுமொழி தாரா. பேதைக் காவலாளி நாற்பது அபாயச் செய்திகளை அனுப்பும். பழுதுபார்ப்பவர் எங்கே போவார்? நாகியோசில் ஒவ்வொரு கருவிக்கும் தாய் எது என்று எழுதிவைக்க இடமுண்டு. தாய் விழுந்துவிட்டால், பிள்ளைகளை ‘வீழ்ந்தன’ என்னாது ‘எட்ட முடியவில்லை’ என்று மட்டும் குறிக்கும். செத்ததற்கும் தெரியாததற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த காவலாளி அது. இன்னொன்றும் கூற வேண்டும். அபாயச் செய்தியை மின்னஞ்சலில் அனுப்பும்படி அமைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவோர் பலர். இணைப்பே அறுந்தபோது அச்செய்தி எவ்வழியே வெளியேறும்? கைப்பேசிக் குறுஞ்செய்தி போன்ற வேறு வழி ஒன்று கட்டாயம் வேண்டும்.

வழிக்காவலின் எல்லை எது என்பதை எனக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்தேன். சேர்க்கைக்கான நேர்காணல் அழைப்புகள் அவ்வாண்டு முதன்முறையாக மின்னஞ்சலில் மட்டுமே அனுப்பப்பட்டன. நேர்காணல் முடிந்த மறுநாள், குறிஞ்சிப்பாடியிலிருந்து நெசவாளர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். “தெனமும் பாத்துக்கிட்டேதாங்க இருந்தோம், ஒண்ணும் வரலீங்க ஐயா” என்றார். அலுவலகத்தார் பதிவேட்டைக் காட்டி, மடல் போய்விட்டது என்று சாதித்தனர். எங்கள் கண்காணிப்புத் திரையில் எல்லா விளக்குகளும் பச்சை. அவ்வாரம் முழுவதும் ஓர் இழை அறுந்ததில்லை.

அப்பெண்ணின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். மடல் வந்திருந்தது, வேண்டாத மடல்களைத் தள்ளிவைக்கும் ஸ்பாம் பெட்டியில், பரிசுச்சீட்டு விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. அதன் தலைப்பகுதியை விரித்தபோது காரணம் விளங்கிற்று. பெருந்தொகையான மடல்களை அனுப்பும் பணி அவ்வாண்டு வெளியார் ஒருவருக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. கல்லூரியின் பெயரால் மடல் அனுப்ப உரிமை பெற்ற சர்வர்களின் பட்டியலில் அவருடைய சர்வரைச் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தவர்கள் எவரிடமும் சொல்லவில்லை. பெறுபவரின் சர்வர் ஐயுற்று, மடலை ஒதுக்கிவிட்டது. தவறிப்போனவர்க்காக இரண்டாம் நேர்காணல் ஒன்று நடந்தது. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அவள் விரும்பிய பாடத்தில் அன்று. அந்த இடங்கள் அதற்குள் நிரம்பிவிட்டன.

மின்னஞ்சலின் நடைமுறையைப் பார்த்தால் இது வியப்பன்று. 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. விதிப்படி, அனுப்பும் சர்வரும் பெறும் சர்வரும் எண்களால் உரையாடுகின்றன. 250 என்றால் ‘பெற்றுக்கொண்டேன்’. நானூறுகளில் தொடங்கினால் ‘இப்போது முடியாது, பிறகு வா’. ஐந்நூறுகளில் தொடங்கினால் ‘முடியவே முடியாது’. அலுவலகத்தார் பதிவேட்டில் கண்டது 250. பெற்றுக்கொண்ட பின் முன்னறையில் வைப்பதா, குப்பைக் கூடையில் போடுவதா என்பது பெற்றவரின் விருப்பம். அதை அந்த எண் சொல்லாது.

அந்த விருப்பத்தைத் தீர்மானிக்க உதவுபவை மூன்று சான்றுகள். எஸ்.பி.எஃப். என்பது என் பெயரில் மடல் விடுக்க உரிமையுள்ள சர்வர்களின் பொதுப் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது மடலின்மீது இடும் அரக்கு முத்திரை போன்றது; வழியில் யாரேனும் திருத்தினால் உடைந்துவிடும். டீமார்க் என்பது, இவ்விரண்டில் ஒன்றேனும் அனுப்புநர் பெயரோடு பொருந்தாவிடில் மடலை என்ன செய்வது என்று அனுப்புபவரே எழுதிவைக்கும் ஆணை. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் தம் பயனர்க்கு அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. பெருந்தொகையாக அனுப்புவோர்க்கு யாஹூவும் அவ்வாறே விதித்தது. நம் பல்கலைக்கழகங்களும் வங்கிகளும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது.

மடல் ஆராய்ச்சிக் கருவிகள் இச்சான்றுகளைத்தான் முதலில் சோதிக்கின்றன. எம்எக்ஸ் டூல்பாக்ஸ் போன்ற தளத்தில் நிறுவனத்தின் பெயரை இட்டால், மடல் பெறும் சர்வர் எது, பட்டியல் சரியா, சர்வரின் எண் கறுப்புப் பட்டியல்களில் ஏறியிருக்கிறதா என்பவற்றைச் சில நொடிகளில் கூறிவிடும். எஸ்.பி.எஃப். பட்டியலைச் சரிபார்க்கும்போது பத்துத் தேடல்களுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஒவ்வொரு சேவையாகச் சேர்த்துக்கொண்டே போய் அந்த எல்லையைத் தாண்டியவர்கள், பட்டியலில் எல்லாம் இருந்தும் மடல் ஏன் தேறவில்லை என்று திகைப்பார்கள். இதையும் அக்கருவி சுட்டிக்காட்டும்.

ஆயினும் எனக்கு மிகவும் விருப்பமான கருவி மடலின் தலைப்பகுதியே. பழைய அஞ்சலுறைகளில் ஒவ்வோர் அஞ்சலகமும் தன் முத்திரையைக் குத்துவதைப் போல, வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் ‘பெற்றேன்’ என்று ஒரு வரியும் நேரமும் எழுதுகிறது. புதிய வரி மேலே சேரும். ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடுத்தடுத்த நேரங்களைக் கழித்தால் மடல் எந்தச் சர்வரில் காத்துக் கிடந்தது என்பது புலனாகும். சில சமயம் ஒரு மடல் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு வரும். ஏதோ ஒரு சர்வரின் கடிகாரம் பிந்தியோ முந்தியோ ஓடுகிறது என்று பொருள். கீழுள்ள வரிகளை வஞ்சகர் பொய்யாகவும் எழுதக்கூடும். நமக்குத் தெரிந்த சர்வர் எழுதிய வரி வரையில்தான் நம்பலாம்.

இரு வகையையும் அருகருகே வைத்தால் முதன்மையான வேறுபாடு தெளிவாகும். வழிக்காவல் நம் வேலிக்குள் உள்ளவற்றைப் பார்க்கிறது. அங்கே நாம் வைத்ததே சட்டம். மடலோ வேலியைத் தாண்டிப் பிறர் வீட்டுக்குப் போகிறது. அங்கே அவர் வைத்ததே சட்டம். வழிக்காவல் ஓயாது நடப்பது. மடல் ஆராய்ச்சியைப் பெரும்பாலோர் புகார் வந்த பிறகே நினைக்கிறார்கள். இதுதான் எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். மடலையும் காவல் காக்க முடியும். ஜெர்மானியரின் பி.ஆர்.டி.ஜி. என்னும் கருவி, ஒரு சோதனை மடலைத் தானே அனுப்பி, அது மறுமுனைப் பெட்டியில் வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று அளந்துகொண்டே இருக்கும். டீமார்க் ஏற்பாட்டில், பெரிய அஞ்சல் நிறுவனங்கள் நம் பெயரால் எத்தனை மடல் வந்தது, எத்தனை தேறவில்லை என்று அறிக்கை அனுப்புகின்றன. அக்கல்லூரியில் அவ்வறிக்கையைப் பெறுவதற்கு ஒரு முகவரி மட்டும் கொடுத்திருந்தால், நேர்காணலுக்கு முன்பே நாங்கள் அறிந்திருப்போம். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

காவலாளியையும் காவல் காக்க வேண்டும் என்பதற்குச் சான்று 2020-இல் கிடைத்தது. சோலார்விண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்குள், அதன் புதுப்பிப்பு வழியாகவே பகைவர் நுழைந்தனர். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அந்த நஞ்சு கலந்த புதுப்பிப்பைப் பெற்றனர். அது வெளிப்பட்டது டிசம்பரில். எல்லா அறைகளின் திறவுகோலும் காவலாளியிடம் இருப்பதால்தான் இவ்வளவு கேடு விளைந்தது. எனவே கண்காணிப்புக் கருவிக்குப் படிக்கும் உரிமை மட்டும் தருவது நன்று. எஸ்.என்.எம்.பி. கடவுச்சொல்லைப் பழைய வழக்கப்படி ‘பப்ளிக்’ என்றே விட்டுவைப்பது, வாசற்கதவில் திறவுகோலைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். மடலின் தலைப்பகுதியைப் பொதுத் தளங்களில் ஒட்டிச் சோதிப்போர், அதில் தம் உள்வீட்டுச் சர்வர்களின் பெயரும் எண்ணும் இருப்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைக் கற்க விலையுயர்ந்த கூடம் எதுவும் வேண்டியதில்லை. உங்கள் கல்லூரிக் கணினியில் டிரேஸ்ரூட்டை ஓட்டிப் பாருங்கள். விண்டோசில் அதன் பெயர் டிரேசர்ட். சில ரௌட்டர்கள் மறுமொழி தராமல் வெறும் உடுக்குறியாகத் தோன்றும். அவை பழுதல்ல, பேசாதிருக்கும்படி பணிக்கப்பட்டவை. பிறகு உங்களுக்கு வந்த மடல் ஒன்றைத் திறந்து, அதன் மூல வடிவத்தைக் காட்டுமாறு கேளுங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டீமார்க் என்னும் மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியிலிருந்து வந்ததாகச் சொல்லும் மடலில் அது இல்லையென்றால், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், வங்கிக் கிளைக்கு நேரே போய்க் கேளுங்கள்.